சொல்லாமல் விட்ட அம்மை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வருடம் ஆயாவாக இருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். மூக்கு துடைப்பது, ஜட்டி மாற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நாங்கள்தான். அவர்களுக்கு வரும் சளியும் காய்ச்சலும் எங்களுக்கும் வரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, எனக்கு அம்மை வந்ததே இல்லை என்று தெரிந்துகொண்ட டாக்டரம்மா, அம்மை கண்ட பிள்ளை பக்கமே போகாதே என்றார். அன்றே காப்பகத்துப் பொறுப்பாளரிடம் சொன்னேன். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். "அப்டி ஒரு புள்ள வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன், நீ பயப்படாத" என்றார். நம்பினேன்.

ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் என்னோடு ரயிலில் வரும் ஒருத்தி அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். எனக்குப் புளிப்பு வேண்டியிருக்கும் என்று மாங்காய் நறுக்கி எடுத்து வருவாள். ஒரு திங்கட்கிழமை அவளுடைய இரண்டு வயது மகளுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளி. இன்னாடி இது என்று கேட்டேன்.

"கொசு கட்சிட்ச்சிக்கா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஓடினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன். சாயங்காலம் வரை அந்தப் பிள்ளை என் தோளை விட்டு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் வரவில்லை.

பதினைந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். மூச்சு இரைத்தது. சென்னை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தனியாகப் படுக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளையைத் தூக்கிய ஓரிரு நாளில் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாமே, ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். கொசுக்கடி என்று நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

விஷயத்தைச் சொல்ல என் கணவர் காப்பகத்துக்குப் போனார். காப்பகத்துப் பிள்ளைகள் யாருக்கும் அம்மை இல்லை, ரயிலில் ஒட்டியிருக்கும் என்று மேடம் சொல்லி அனுப்பினாராம்.

எடை குறைவாக, ஆனால் நல்லபடியாகப் பெண் பிறந்தாள். அவளுக்கு ஒரு மாதம் ஆனபோது, மாங்காய் நறுக்கி வருவாளே, அவள் பார்க்க வந்தாள். உள்ளே வராமல் நின்றுகொண்டே அழுதாள். சொல்லாமல் லீவு போட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அன்று பிள்ளையைக் கொண்டுவந்து, சாயங்காலம்தான் லீவு கேட்டு வாங்கினாளாம்.

"மேடமாண்ட அன்னிக்கே சொல்ட்டேன்க்கா, அம்மை மாதிரி கீதுன்னு. 'அவளாண்ட சொல்லாத, பயந்துகினு லீவு போட்ருவா, புள்ளைங்கள பாக்க வேற ஆளு இல்ல'ன்னு அவங்கதான் சொன்னாங்க."

"எம் மூஞ்சியப் பாத்து நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

நான் காப்பகத்துக்குத் திரும்பவில்லை. அவளுடைய பயம் எனக்குப் புரிகிறது. சில நாள் அவள்மேல் கோபம்கூட வருவதில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மேடம் இரண்டு முறை உள்ளே வந்து, அந்தப் பிள்ளை என் தோளில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திப் போனார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.