மலையேறிய தீ

ரேஞ்சர். மயிலாப்பூரிலிருந்து வந்த காலேஜ் வாத்தியார். என் வீட்டுக்காரர். நான். அன்றைக்கு அடையாற்றுக்கு மேற்கே, மான்காட்டில் இருந்தது அவ்வளவு பேர்தான்.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம். புல்வெளியை முள் மூடிவிட்டிருந்தது. வெளிமானுக்குத் திறந்த இடம் வேண்டும், முள்ளுக்குள் தங்காது. ஒரு துண்டு நிலத்தை நாமே கொளுத்தினால் மழைக்குப் புதுப் புல் வரும் என்றார் ரேஞ்சர். தீ எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்க, வாத்தியார் கழிகள் நட்டு, கடிகாரமும் கையுமாக வடக்கே நின்றார். நெருப்புக்கா பஸ்ஸுக்கா டைம் பார்க்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்குச் சிரித்தார்.

மேற்கே ஒரு பட்டைப் புல்லைக் கொளுத்தாமல் விட்டோம். குட்டிகள் அதில்தான் படுத்திருந்தன. காலையில் ரேஞ்சர் எண்ணினார், ஏழு. மான்குட்டி பயந்தால் ஓடாது, தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் மண் தெரியச் செதுக்கி, நனைத்த வேப்பங்கொத்தோடு நானும் என் வீட்டுக்காரரும் காவல் நின்றோம். காற்று மேற்கிலிருந்து வீசியது. கடல்காற்று கிளம்பித் தீயைக் குட்டிகள் பக்கம் திருப்புவதற்குள் முடிய வேண்டும்.

தீ வைத்ததும் கரிச்சான் குருவிகள் புகைக்கு மேல் சுற்றின. கீரி ஒன்று என் காலை உரசிக்கொண்டு ஓடியது. குட்டிகள் கிடந்த புல் மட்டும் அசையவில்லை.

வடக்கிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "மலையேறிடுத்து. இங்க மலையேறிடுத்து."

அவர்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்ல மாட்டார்கள், மலையேறியது என்பார்கள். அவர் பக்கம் தீ அணைந்துவிட்டது, அதைத்தான் சொன்னார். எங்களுக்கு மலை என்றால் தெற்கே இருந்த செம்மண் மேடு. கிண்டலுக்கு வைத்த பேர். அதற்கு அப்பால் எங்கள் குடிசைகள்.

"மேட்டாண்ட நெருப்பு பூட்ச்சி. நீ இங்கியே நில்லு," என்று என் வீட்டுக்காரர் ஓடினார்.

மேட்டில் தீ இல்லை. அவர் திரும்புவதற்குள் என் முகத்தில் உப்புக் காற்று அடித்தது. படுத்திருந்த தீ எழுந்தது. அவர் விட்டுப்போன இடத்தில் தாண்டியது. நான் அடித்தேன். ரேஞ்சர் வந்து அடித்தார். வாத்தியார் சட்டையைக் கழற்றி அடித்தார்.

ஐப்பசி மழைக்குப் புல் வந்தது. மான்களும் வந்தன. அடுத்த வருஷம் கொளுத்தியபோது வாத்தியார் "அணைஞ்சுடுத்து" என்றார், என் வீட்டுக்காரர் பக்கமாகத் திரும்பி.

முதல் வருஷம், அன்று சாயந்திரம், புகை அடங்கியதும் ரேஞ்சர் அந்தப் பட்டைக்குள் போய் எண்ணினார். நானும் கூட நடந்தேன்.

நாலு.