காளானுக்கு வைத்த காற்று

எங்கள் வீட்டுப் பின்னறைக்காக நானும் என் மனைவியும் ஒரு கோடை முழுக்கச் சண்டை போட்டோம். அந்த அறையில் நான் சிப்பிக் காளான் வளர்த்துக்கொண்டிருந்தேன். வளர்ப்பதாக நான்தான் சொல்லிக்கொண்டேன், காளான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்து, ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டு வருவேன். முளைத்ததெல்லாம் நீளக் காலும் குண்டூசித் தலையுமாக நின்றன.

மனைவிக்கு அதே அறை வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது. அவள் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறாள், சில பெண்களுக்குக் கற்றும் தருகிறாள். ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்கள் ரவிக்கைத் துணியைக் கையோடு இவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேலை நடப்பது கூடத்தில். அங்கே மின்விசிறி உண்டு, ஆனால் போட முடியாது. போட்டால் மணியும் ஜமிக்கியும் பறந்துவிடும். போடாவிட்டால் நெற்றி வியர்வை பட்டில் சொட்டும், அந்தக் கறை எதற்கும் போகாது.

"நேத்து ஒரு சொட்டு வுழுந்துச்சி. அது மேல ஒரு மயிலப் போட்டு மறைச்சேன்," என்றாள். "இப்டியே போனா ரவிக்கை பூரா மயில்தான் மேயும். அந்த ரூம எனக்கு வுடுங்க."

"காளான் எங்க போவும்?"

"அது இன்னும் வரவே இல்லயே, போறதுக்கு?"

கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. அடுத்த முறை காளான் உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்தால் அறை எனக்கு. இல்லையென்றால் துணியை இழுத்துக் கட்டும் அவளுடைய ஆரி ஸ்டாண்டுகள் உள்ளே வரும், என் பைகள் வெளியே போகும்.

காளான் விதை விற்றவருக்குப் போன் போட்டேன். "காத்து பத்தல சார். உள்ள நிக்கிற கெட்ட காத்த இழுத்து வெளிய வுடணும். வர்ற காத்த வடிகட்டி வுடணும், இல்லன்னா ஈ வந்துடும்," என்றார். "அவ்ளோதானே?" என்றேன். என் வாழ்க்கையின் பெரிய கோளாறுகள் எல்லாமே இந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

இரண்டு பக்கமும் வாய் திறந்த, டிரம் மாதிரியான ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினேன். சுருக்கினால் தோசைத்தட்டு, இழுத்தால் மலைப்பாம்பு என்று ஆகிற அலுமினிய ஹோஸ் வாங்கினேன். வடிகட்டி மட்டும் வாங்கவில்லை. ஆரணியில் பிறந்தவன் ஒரு துண்டுத் துணிக்கு இன்னொருவனிடம் காசு கொடுப்பதா? எங்கள் ஊர்ப் பட்டு சன்னம். காற்று நுழையும், ஈ நுழையாது. என் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டிவிட்டேன்.

கெட்ட காற்றைச் சந்துப் பக்கம் விட்டால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பின்னறையிலிருந்து கூடத்துக்குப் போகும் கதவுக்கு மேலே ஃபேனைப் பொருத்தி, ஹோஸைக் கூடம் முழுக்க ஓட்டித் தெருப்பக்கம் கொண்டுபோனேன். ஃபேனின் வாய் பெரிது, ஹோஸின் வாய் சிறிது. இடையில் அடி அறுத்த பெயிண்ட் பக்கெட் ஒன்றைச் செருகி டேப் சுற்றினேன். ஹோஸ் மிச்சம் இருந்ததால் வழியில் இரண்டு வளையமும் விட்டேன், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று.

செய்யாரில் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கும் மைத்துனன் அன்று ஷிஃப்ட் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். ஹோஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"இன்னா மாமா, வூட்டுக்கு எண்டோஸ்கோப்பி பண்றீங்களா?"

சுவிட்சைப் போட்டேன். ஜன்னலில் வேட்டி உள்பக்கமாக ஒரு தொப்பை போட்டது. கல்யாணத்தன்று அதை நான் கட்டியிருந்தபோது இருந்த அதே தொப்பை. பிறகு ஒரு முனை அவிழ்ந்தது. மறு முனையும் அவிழ்ந்தது. வேட்டி நிதானமாக அறையைக் கடந்துபோய் ஃபேனின் வாய்க்குள் தலையை விட்டது. ஜரிகைக் கரை, நெசவுக்காரர் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுபோல அச்சாகச் சுற்றிக்கொண்டது. ஃபேன் உறுமிக் குலுங்கிற்று. அந்தக் குலுக்கலில் பக்கெட் கழன்று கூடத்தில் விழ, பின்னாலேயே ஈர வைக்கோல் வாடை குப்பென்று இறங்கியது.

"அக்கா, மாட்டுக் கொட்டா வாசனை வருது!" என்று ஒரு பெண் எழுந்து ஓடினாள். மணித்தட்டு கவிழ்ந்தது.

மனைவி வந்து நிமிர்ந்து பார்த்தாள். "அது நம்ம கல்யாண வேட்டிதான?"

"ஃபில்டர்," என்றேன்.

"பரவால்ல வுடுங்க. இனிமே இன்னொரு கல்யாணம் பண்ணிக்க மாட்டீங்கன்னு எனக்கும் ஒரு தைரியம்."

அடுத்த ஞாயிறு மைத்துனன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். பக்கெட் போய் அளவான இணைப்பு வந்தது. வளையங்களை வெட்டி எறிந்து ஹோஸை விறைப்பாக இழுத்துக் கிளிப் போட்டு முறுக்கினான். ஜன்னல் முழுக்க நிஜமான வடிகட்டி உட்கார்ந்தது. போகும்போது, "மெதுவா ஓட வுடுங்க மாமா. காளானுக்கு ஈரம் வேணும்," என்றான்.

நான் முழு வேகத்தில் வைத்தேன். அறை போய்விடுமே என்ற பயம். மெதுவான காற்றுக்கு உள்ளங்கை அகலம் என்றால், வேகமான காற்றுக்கு முறம் அகலம் வராதா?

மொட்டு அழகாகத்தான் விட்டது. அப்புறம் ஓரம் சுருண்டு, நிறம் மாறி, பைகளில் மோர் மிளகாய் காயப்போட்டதுபோல ஆகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல மனைவி வந்தாள். விதை சரியில்லை, வெயில் சரியில்லை என்று நாலைந்து காரணம் தயாராக வைத்திருந்தேன். அவள் காளானைப் பார்க்கவே இல்லை. அறை நடுவில் நின்றாள்.

"இங்க புழுங்கவே இல்லயே," என்றாள். பிறகு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஜமிக்கி கொண்டுவரச் சொல்லி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

"இன்னாங்க இது, காத்தும் வருது, பறக்கவும் மாட்டுது?"

கேட்டாளே என்று பெருமையாக விளக்க ஆரம்பித்தேன். "காத்து ஜன்னல் பூரா பரவி வருது, அதான் வேகம் தெரியல. சூட்ட மேல ஃபேன் இழுத்துகினு பூடும்."

"தூசி?"

"ஃபில்டர் கீதுல்ல? பட்டு மேல ஒரு பொட்டுத் தூசி படாது. எவ்ளோ நேரம் உக்காந்தாலும் வேர்க்காது!"

சொல்லி முடித்த பிறகுதான், யாருடைய கட்சிக்காக வாதாடினேன் என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் பெண்கள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டார்கள்.

பைகள் எருக்குழிக்குப் போயின. அறையோடு சேர்த்து நானும் ஆரி வகுப்புக்குச் சொந்தமானேன். வடிகட்டியைக் கழற்றித் தட்டி மாட்டுவது என் வேலை. போன வாரம் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு ரவிக்கை அவசரமாக முடிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, ஆடாதீங்க, துணி மேல தூசி வுழுது," என்றாள் ஒருத்தி.

மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஏங்க, ஜல்தி எறங்குங்க. நீங்க மறைச்சிகினு நிக்கறதாலதான் காத்தே வரல."