ஒரு பைக்குப் பதினோரு நிமிஷம்

பள்ளிக்கூடப் பை தைக்கும் அந்தப் பட்டறையை இரண்டு மிஷினோடு ஆரம்பித்தவர்கள் அக்காவும் தங்கையும். வாய் சாமர்த்தியம் தங்கைக்கு. அதனால் ஊர் அவளைத்தான் பைக்காரம்மா என்றது. அக்கா வாயில்லாப் பூச்சி. பன்னிரண்டு வருஷமாக ஜன்னலோரத்து மிஷினை விட்டு நகர்ந்ததில்லை.

ஆறு மிஷின் ஆனதும், சிறுதொழிலை வளர்க்கச் சொல்லித்தரும் ஒரு பயிற்சியில் பைக்காரம்மா சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுப் போட்டு எழுதினாள். நான்காவது வாரம் ஒரு வீட்டுப்பாடம். ஒரு பை தைக்க யாருக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு ஏழு, எட்டு. அக்காவுக்குப் பதினொன்று.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்த மிதப்பு யாரை விட்டது? பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். அக்கா கடைசியில் இருந்தாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து நீ மடிச்சு அடுக்குற வேலையப் பாரு. மிஷின்ல வேற ஆள் உக்காரட்டும்."

அக்கா பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிடி," என்றாள். ஒரு வாரம் மடித்தாள். மறுவாரம் முழங்கால் வலி என்று சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டாள். பயிற்சி முடிந்து வந்த சான்றிதழைப் பைக்காரம்மா ஜன்னலுக்கு மேலே மாட்டினாள்.

பள்ளி திறந்து ஒரே மாதத்தில் பைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. எல்லாம் தோள்வார் பிய்ந்தவை. தைப்பவர்களைப் பிடித்து உலுக்கினாள்.

"பெரியக்கா இருந்தவரைக்கும் தன் பைல போடுற மாதிரியே எங்க பையையும் வாங்கி, வார்ல இன்னொரு தையல் ஓட்டிக் குடுப்பாங்க," என்றாள் ஒருத்தி. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

பைகளைத் திரும்பத் தைத்துவிடலாம். அக்கா அல்லவா கைவிட்டுப் போய்விட்டாள். அன்று மதியமே பைக்காரம்மா அவள் வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா முகம் சுளிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. உன் மிஷினுக்கே வந்துடு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ எங்கடி என்னப் பாத்த? கடிகாரத்தையில்ல பாத்துக்கிட்டிருந்த." அக்கா எழுந்தாள். "டீ போட அஞ்சு நிமிஷம் ஆகும். இருப்பியா?"

குத்திக் காட்டியிருந்தால்கூடப் பைக்காரம்மா அழுது தீர்த்திருப்பாள். அக்கா மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.