இரண்டாம் பகுதியில் கேட்ட மேளம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு பழைய இயர்போன் கிடக்கிறது. இடது பக்கம் வேலை செய்யாது. நான் கல்லூரியில் முதலாம் வருடம் படித்தபோதே அது வேலை செய்யவில்லை. வலது பக்கம் மட்டும், ஒயரை ஒரு மாதிரி மடக்கிப் பிடித்தால், இன்னும் பாடும். வீடு துப்புரவாக்கும் ஒவ்வொரு தடவையும் என் கணவர் அதைக் குப்பை வாளிக்குக் கொண்டுபோகப் பார்ப்பார், நான் பிடுங்கி வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல வராது. பக்கத்து வீட்டு அத்தையில் தொடங்க வேண்டும், அதற்கும் முன்னால் ஒரு பஸ் பழுதானதில் தொடங்க வேண்டும்.

முதலாம் வருடத்தில் எல்லாரும் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். பதிவு நாளன்று றக்வானையிலிருந்து நான் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் நல்ல பாடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. மிஞ்சியிருந்தது 'மேற்கத்திய சாஸ்திரிய இசை ரசனை: ஓர் அறிமுகம்'. எனக்குத் தெரிந்த இசை திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கியும் பஸ்ஸில் போடும் பைலாவும்தான். பாட்டுக் கேட்பதற்கு மார்க்ஸ் தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சிரிப்பு முதல் வகுப்போடு போயிற்று. பாடம் எடுத்த மெடம் சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பவர், பொல்லாத கண்டிப்பு. வயலின் எது, அதைவிடச் சற்றுத் தடித்த குரலில் பேசும் வியோலா எது, ஊதுகிறவற்றில் ஓபோ எது, கிளாரினெட் எது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கச் சொன்னார். ஒரு சிம்பொனி நான்கு பகுதிகளாக வரும், நடுநடுவே வாசிப்பவர்கள் நிறுத்துவார்கள், அது முடிவில்லை, அங்கே கைதட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். ஒன்றைப் போட்டும் காட்டினார். முதல் பகுதி முடிந்ததும் நான் தட்டினேன். வகுப்பிலேயே நான் ஒருத்திதான் தட்டினேன். அதன்பிறகு அந்த வகுப்பில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

தவணை விடுமுறைக்கு அவர் ஒரு வேலை தந்தார். ஒரு சிம்பொனியைப் போனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாட்கள், நாளுக்கு ஒரு தடவை, முழுதாகக் கேட்க வேண்டும். நேற்றுக் காதில் விழாத எது இன்று விழுந்தது என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் கொப்பியை விரித்து வைத்து, நினைத்த இடத்தைப் போட்டுக் கேள்வி கேட்பார். அதில் தவறினால் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாது. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பாட்டுக் கேட்கத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட அவமானம் வேறில்லை.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் பிரிக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் வெறும் வெளி. ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் சிரிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும். இரத்த உறவில்லை, ஆனால் நான் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்கள். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டு டீவி பழுதாகிய காலத்தில் அவர்தான் சுவருக்கு மேலால் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவார், இலங்கை தோற்றால் மட்டும் சொல்லமாட்டார்.

கேட்கத் தொடங்கி மூன்றாம் நாள், காலையிலேயே றக்வானைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டு, மேல்மலைப் பாதையால் திரும்பி வந்தேன். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது, தொல்லையும் கிடையாது. தண்ணீர் பீலிக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து வலது காதில் இயர்போனை மாட்டினேன். அன்று எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் பகுதியின் நடுவில், வயலின்கள் தணிந்த இடத்தில், தூரத்தில் ஒரு மேளம் கேட்டது. அட, இதை இரண்டு நாளும் எப்படித் தவறவிட்டேன்! 'இரண்டாம் பகுதி. தூரத்தில் மேளம். மெல்ல நெருங்குகிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பகுதி முடிந்தது. வாசிப்பவர்கள் நிறுத்தினார்கள். மேளம் நிறுத்தவில்லை.

இயர்போனைக் கழற்றினேன். அது சாவு மேளம், எங்கள் லயத்திலிருந்து வந்தது. காலை வேலை முடிந்து வந்து படுத்த மாமா எழும்பவில்லை. பால்குடி காலத்திலிருந்து கேட்ட அடியை அடையாளம் தெரியாமல் கொப்பியில் மார்க்ஸுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வெட்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் பதினாறாம் நாள் கருமாதி வரை அந்த லயத்தில் யாரும் ரேடியோ, டீவி போடமாட்டார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. அத்தையோடு மூன்று வருடமாகப் பேசாத கடைசி வீட்டுக்காரர்கூடத் தன் ரேடியோவைத் துணி சுற்றி மேலே வைத்துவிட்டார். நான் மட்டும் கொப்பிக்காக நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் திருட்டுத்தனமாகப் பாறைக்குப் போனேன். இரண்டாவது தடவை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டார். நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அம்மா இயர்போனைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் புதைத்தார்.

"நம்ம வீட்டுல இப்படி ஆகியிருந்தா அவங்க காதுல மாட்டிக்கிட்டுத் திரிவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் படிப்பில் ஒரு வருடம் வீணாகப் போகும் என்று நானும் குரலை உயர்த்தினேன். இரண்டு நாட்கள் கேட்காமலே கொப்பியில் கதை அளந்தேன். எழுதும்போதே கை கூசியது.

அதற்கடுத்த நாளும் நாங்கள் சண்டை போட்டோம். அப்போது சுவருக்கு மேலால் அத்தையின் குரல் வந்தது. துக்க வீட்டுக்காரர் கருமாதி வரை இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதால் குரல் மட்டும்தான் வரலாம்.

"புள்ள, அந்தப் பாட்டப் போடு. காதுல மாட்டாத. சத்தமாவே போடு."

"வேணாங்க அண்ணி, லயத்துல என்ன பேசுவாங்க?" என்றார் அம்மா.

"போனது என் வீட்டுக்காரரு. லயத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எனக்குப் போட முடியவில்லை. சுவரைப் பார்த்து அழுதுகொண்டே மேளத்தின் கதையைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது எந்த எடத்துல வந்துச்சு?"

"ரெண்டாவதுல, அத்தை."

"அந்த எடம் வந்தா சொல்லு."

சத்தம் கூடுவதற்காகப் போனைச் செம்புக்குள் நிறுத்திப் போட்டேன். அந்த இடம் வந்ததும் "இங்கதான் அத்தை" என்றேன். வயலின்கள் தணிந்து ஓபோ தனியாகப் போயிற்று, வேறொன்றுமில்லை. பகுதி முடிந்து நின்றது.

"முடிஞ்சிருச்சா?"

"இல்லைங்க அத்தை. இன்னும் ரெண்டு இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

மிச்ச நாட்களும் அப்படியே போயின. கடைசி வீட்டுக்காரர் வெளியே வந்து முணுமுணுத்தார். புள்ள படிப்புங்க என்று அத்தை தன் வாசலில் நின்றே சொன்னார். மூன்று வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். அடுத்த நாள் அம்மாவே செம்பைக் கழுவித் துடைத்துக்கொண்டுவந்து வைத்தார். கடைசி நாள் அத்தை கேட்டார்: "அந்த எடத்துல ஊதுறவரு தெனமும் மூச்சு வாங்குறாரே, கவனிச்சியா?" நான் கவனிக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓபோ தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு மனிதர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

கல்லூரிக்குப் போகும் முன் பொய் எழுதிய இரண்டு நாட்களையும் வெட்டி, 'கேட்கவில்லை' என்று எழுதினேன். மேளத்தை வெட்ட மனம் வரவில்லை. மெடம் அந்த வரியில் விரலை வைத்து, இந்தப் பகுதியில் மேளமே கிடையாதே என்றார். நடந்ததைச் சொன்னேன். மூச்சைக் கேட்டது நானில்லை என்பதையும் சொன்னேன். அவர் அந்த இடத்தை மூன்று தடவை போட்டு, ஒலிபெருக்கியோடு காதை வைத்துக் கேட்டார். இத்தனை வருடமாக இந்தப் பதிவைப் போடுகிறேன், எனக்கு விழவில்லையே என்றார். மூச்சுக்கு முழு மார்க்ஸ் போட்டார். இல்லாத மேளத்துக்கு மார்க்ஸ் தர முடியாது என்று இரண்டைக் குறைத்தார். நானும் வாதாடவில்லை. இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது எம்பிலிப்பிட்டியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன மாதம் அத்தை கண் கிளினிக்குக்கு வந்து எங்களோடு நான்கு நாள் தங்கினார். ஒரு பகல், அவர் தரையில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் அந்தச் சிம்பொனியைப் புது ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை தலை நிமிரவில்லை. இரண்டாம் பகுதி தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது.

"ஐயோ, அந்த எடம் வரலியே," என்றார் அத்தை.

மறக்கவேயில்லை. லாச்சியைத் திறந்து இயர்போனை எடுத்துப் போனில் குத்தினேன், வலது பக்கத்தை அத்தையின் காதில் மாட்டினேன், ஒயரை மடக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஒரு முச்சக்கரவண்டி போயிற்று. அத்தை கத்தியைக் கீழே வைத்தார், கையை இலேசாக உயர்த்தினார்.

"இந்தா, வந்திருச்சு புள்ள," என்றார்.

மடக்கிய ஒயரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.