ரப்பர் மீனின் முள்

இரண்டு மாதம் முன்பு அபிராமபுரத்தில் ஒரு சின்னக் கடையில் என் மகளுக்கு அழிரப்பர் வாங்கினேன். இப்போதெல்லாம் ரப்பருக்குக்கூட வாசனை போட்டு விற்கிறார்களே, அந்த வகை. வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்ததும் சோம்பும் புது ரப்பரும் கலந்த ஒரு நெடி குப்பென்று அடித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னப்பா, தலை சுத்தறதா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு, போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இரண்டு முறை.

அது ரப்பர் மீனின் நெடி. தூண்டிலில் மாட்டுகிற பொய் மீன். விரல் நீளம், தொட்டால் கொழகொழவென்று வால் ஆடும். அதைச் செய்கிறவர்கள் ஏனோ அதில் சோம்பு வாசனையைக் கலந்துவிடுகிறார்கள். மீனுக்குப் பிடிக்குமாம். மீனைக் கேட்டார்களா, தெரியாது.

மீன் என்றால் அடுத்த தெருவுக்கு ஓடிவிடுகிற வீட்டில் பிறந்தவன் நான். எவனோ போட்ட வீடியோவைப் பார்த்து இருபத்தாறு வயதில் தூண்டில் ராடும் ரீலும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிடித்துவிட்டு வந்தால், அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். "ஆத்துக்குள்ள கால வைக்காதே, மொதல்ல குழாயடில கையை அலம்பிண்டு வா." பிடித்த மீன் ஒன்றுகூட எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. எல்லாம் தேவா வீட்டுக்குத்தான்.

தேவா என்னோடு தி.நகரில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தான். புகார் வந்தால் போனை எடுப்பது நான். கிரீஸ் கையோடு உச்சிக்கு ஏறுவது அவன். ஒரே வயது. அடையாறு கடலில் சேருகிற இடத்துக்கு ஒட்டினாற்போல், பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே அவன் வீடு. என் ரப்பர் மீனை முதலில் பார்த்தபோது இறாலைக் கோத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "இன்னா ஐயரே, புள்ளைங்க வெளாட்டு சாமானா?" என்று சிரித்தான். அன்றைக்கு அந்த விளையாட்டுச் சாமானில் ஒரு கொடுவா மீன் மாட்டியது. அவன் மனைவி கலா அதை வாங்கிக்கொண்டு, "பிடிக்கிறவரு துன்ன மாட்டாரு, இன்னா ஜென்மமோ!" என்றாள்.

ரப்பர் மீனைக் கோப்பது சாதாரண வேலை இல்லை, தெரியுமா? தூண்டில் முள்ளை அதன் மூக்கின் நட்டநடுவில் குத்தி, முதுகு வழியாக நேராக எடுக்க வேண்டும். நூலிழை கோணினாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். காற்றடிக்கிற நாளில் தலைக்கு மாட்டுகிற ஈயக்குண்டு லேசாக இருந்தால், வீசியது நம் முகத்துக்கே திரும்பி வரும். கனமாக இருந்தால் மணலில் புதையும். ஆறு கடலுக்குள் இழுக்கிற நேரத்தில் நேர் எதிரே வீசக் கூடாது. மேல்பக்கமாக வீசி, ராடின் நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தி, ஓட்டமே மீனைக் கொண்டுபோகும்படி விட வேண்டும். இதையெல்லாம் அடிபட்டு அடிபட்டு நாங்களே கண்டுபிடித்தோம். ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு இதுதான்.

தேவா பிடிவாதமாகச் சொன்னது ஒன்று. "முள்ளு நுனிய வவுத்துக்குள்ளயே சொருவிடு ஐயரே. தண்ணிக்குள்ள மீனவிட கந்தல்தான் ஜாஸ்தி கீது." நுனி ரப்பருக்குள் மறைந்திருந்தால் கந்தலிலும் அறுந்த வலையிலும் சிக்காது. உண்மைதான். ஆனால் சில சமயம் மீனும் சிக்காது. அந்த மாதம் மூன்று மீன் கடித்துவிட்டுத் தப்பியிருந்தன. எனக்கு எரிச்சல்.

கார்த்திகை மாத ஞாயிறு, மத்தியானம். நாலு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆறு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு பழுப்பாகக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாடைக்காற்று காதை அடைத்தது. என்னிடம் பச்சை முதுகு ரப்பர் மீன் ஒன்றே ஒன்று பாக்கி. அந்த வாரம் முழுக்க ஆபீசில் அதையேதான் சொல்லிப் புலம்பியிருந்தேன். முள்ளின் நுனியை வெளியே விட்டுக் கோத்தேன்.

"உள்ள வெச்சியா?" என்று தேவா காற்றுக்கு மேல் கத்தினான்.

"வெச்சேன்" என்றேன்.

மூன்றாவது வீச்சில் சிக்கியது. மீன் இல்லை, அசையாத இழுப்பு. ஏதோ பழைய வலைக் கயிறு. தேவா தன் ராடை மணலில் குத்திவிட்டு, என் நரம்பைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்கினான். "விட்டுடு, அறுத்துக்கறேன்" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். மனதுக்குள் சொன்னேனா, வாய்விட்டுச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தான். நரம்பு தளர்ந்தது. அவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். நான் தலையைக் குனிந்து ரீலைச் சுற்றினேன். பழக்கம். பச்சை முதுகு மீன் ஒரு கீறல்கூட இல்லாமல் காலடிக்கு வந்து சேர்ந்தது. நிமிர்ந்தேன். தண்ணீர் மட்டும் இருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. கரை நெடுக ஓடினேன், கத்தினேன். இரண்டு படகுகள் இறங்கித் தேடின. மறுநாள் காலை திருவான்மியூர் பக்கம் ஒதுங்கினான். மணல் சரிந்து கால் தடுமாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. முள்ளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் குழந்தைக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருடமே அவன் வீடு இருந்த குடிசை வரிசையை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். நானும் வேலையை மாற்றிக்கொண்டேன். கலாவைப் போய்ப் பார்க்கவே இல்லை.

அந்த அழிரப்பர் வாங்கிய வாரம் போனேன். விசாரித்து விசாரித்து, பதினான்கு வருடம் கழித்து. கலாவுக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: முள்ளை, பொய்யை, தலை குனிந்து ரீல் சுற்றியதை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இத்த சொல்ல முடியாமதான் இத்தினி வருசம் வராம இருந்தியா?"

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நாங்கூட, துன்னாத மனுசன், மீனு இல்லாம இன்னாத்துக்கு வரப்போறாருனு நெனச்சிக்கினேன்." பிறகு கேட்டாள்: "எந்த எடம்ணா அது? கரையில நின்னவங்க ஆளுக்கு ஒரு பக்கம் கைய காட்டுனாங்கோ. நீ பாத்தே இல்ல? வந்து காட்டு."

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் போனோம். கலா, கல்லூரியில் படிக்கிற அவள் மகள், நான். மகள் கையில் சாமந்திப் பூ. நான் அங்கே போய்ப் பல வருடமாகிவிட்டது. ஆறு வேறொரு இடத்தில் உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று நானும் தேவாவும் நின்ற மணல்மேடு இல்லை. அடையாளத்துக்கு வைத்திருந்த குடிசை வரிசையும் இல்லை. கரை உள்வாங்கியிருந்தது. அன்று நின்ற இடமே இப்போது கடலுக்குள் இருக்கலாம். அல்லது நாங்கள் அதைத் தாண்டி வந்திருக்கலாம். வலமும் இடமுமாகப் பார்த்தேன்.

கலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயா?" என்று தண்ணீரைக் காட்டினாள்.

"ஆமாம்மா. அங்கதான்" என்றேன்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் தண்ணீர் வரை இறங்கிப் பூவைப் போட்டாள்.