மேல்வட்டை, கீழ்வட்டை

யுத்தம் முடிந்த ஆண்டில் கல்முனை பிரதான வீதியில் நான் ஓர் இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். சுனாமி நிவாரணத்துக்கென்று வந்த ஓர் அலுவலகம் மூடிப் போனபோது மலிவாக விற்ற கம்ப்யூட்டர்கள் அவை. எல்லாவற்றையும் வயரால் இணைத்து, பலர் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்கு ஒரு சேர்வர் ஓட்டினேன்.

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் எனக்கொரு கூட்டாளி. கடல் வந்த நாளில் ஒரு கதவைக் கழற்றி இருவருமாக உடல்களைச் சுமந்தோம். எது முஸ்லிம் ஜனாஸா, எது தமிழ்ப் பிரேதம் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யுத்தம் திரும்பவும் மூண்ட கெட்ட காலத்தில் அவன் எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் மெல்லத்தான் கதைப்பான்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தேன், வாசலில் நிற்கிறான். ஆசையோடு உட்கார வைத்தேன். எந்தப் பக்கம் ஆடுகிறாய் என்று திரை கேட்டது: பயங்கரவாதியா, படையா? அந்த முதல் சொல்லைச் சொல்லித்தான் அவனுடைய அண்ணனைக் கொண்டுபோயிருந்தார்கள். எங்கே என்று தெரியாது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“சின்ன வேலையொண்டு கிடக்கு மச்சான். பிறகு வாறன்.”

போய்விட்டான். எங்கேயோ இருந்துகொண்டு அந்த விளையாட்டைச் செய்தவன் மீது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இனி இவன் இந்தப் படி ஏறமாட்டான் என்று பயமாகவும் இருந்தது.

விளையாட்டின் பெயர்களும் அமைப்புகளும் எழுதியிருக்கும், சேர்வரின் கொன்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். என் வாப்பாவுக்கும் அவன் அப்பாவுக்கும் நாவிதன்வெளியில் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கள் இருந்தன. வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அந்த நினைப்பில் ஒரு பக்கத்துக்கு மேல்வட்டை, மற்றதற்குக் கீழ்வட்டை என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லை. பயங்கரவாதி என்ற சொல் இருந்த இடமெல்லாம் ஒரே அடியாக மேல்வட்டை என்று மாற்றினேன்.

சேர்வர் படுத்துவிட்டது.

முன்னால் இரண்டு கோடு போட்ட வரியைக் கம்ப்யூட்டர் வாசிக்காது; அப்படிக் கோடு போட்டு, வரிகளைப் பாதி பாதியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில்தான் பிழைச் செய்தியை ஒழுங்காக வாசித்தேன். மேல்வட்டை என்றொரு ஃபோல்டரைக் காணவில்லையாம். உருவப் படங்கள் இருந்த ஃபோல்டருக்கும் அந்தப் பழைய சொல்தான் பெயர். நான் ஃபைலுக்குள் அதையும் மாற்றியிருக்கிறேன். கம்ப்யூட்டர் பாவம், இல்லாத வயலைத் தேடி அலைந்திருக்கிறது.

மெஷின் மட்டும் வாசிக்கும் வரிகளில் பழைய சொல்லைத் திருப்பிப் போட்டேன். மனிதர் பார்க்கும் இடத்தில் வட்டைகளை விட்டேன். அந்தச் சொல்லை அடியோடு அழிக்க முடியாதது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் சேர்வர் எழும்பியது.

ஃபோன் போட்டுக் கூப்பிட்டேன். வந்தான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இதென்னடா, வட்டை?”

“ஓம். எது வேணும் உனக்கு?”

“மேல்வட்டைதான். தண்ணி முதல்ல எங்களுக்கு வரட்டும்.”

சிரித்தான். ஆடத் தொடங்கியதுமே செத்தான். எழும்பி வந்து மறுபடியும் செத்தான். வெளியே ஆமிக்காரர்கள் ரோந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைக் கதவு திறந்து கிடந்தது. அவன் மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினான்:

“கள்ளச் சேர்வர்டா இது! நீ எனக்குக் களவு செய்றாய்!”

வீதி முழுக்கக் கேட்டிருக்கும். அவன் எங்கள் ஊரில் அவ்வளவு சத்தமாகக் கதைத்து எத்தனையோ வருஷம்.