மயிலை ஏற மறுத்த டிரெய்லர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை கே.கே. நகரிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் டி. கல்லுப்பட்டி, நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வாங்க வேண்டிய பொருள், நான்கு பக்கமும் கூரையும் அடைத்த ஒரு டிரெய்லர். எங்கள் பந்தயக் காரை அதற்குள் ஏற்றி, என் தம்பியின் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குக் கோயம்புத்தூர் கொண்டுபோக வேண்டும். காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், கல்லுப்பட்டிக்குப் போனதையெல்லாமா எழுதுவாய் என்று என் கணவர் கேட்டார். காசிக்குப் போனவர்கள் யாரும் நான் மாட்டிக்கொண்ட மாதிரி மாட்டியிருக்க மாட்டார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். மற்றவர்களின் முதுகை நிமிர்த்துவது தொழில். வருடத்தில் நாலைந்து ஞாயிறு காரோட்டி என் முதுகை நானே ஒடித்துக்கொள்வது பொழுதுபோக்கு. ஓட்டுவது மட்டும்தான் நான். மற்ற அத்தனையும் ஜமால் அண்ணன். காஜிமார் தெருக்காரர், மெக்கானிக். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, உள்ளேயிருந்த இருக்கைகளைப் பிடுங்கி, இரும்புக் குழாய்க் கூண்டு போட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து சிவப்பு பெயிண்ட் அடித்து, அதைப் பந்தயக் காராக்கியவர்.

போன முறை அந்தக் காரைத் திறந்த லாரியில் ஏற்றினோம். பல்லடத்துக்கு முன்னால் மழை பிடித்தது. தார்ப்பாயின் கயிறு அறுந்து, கிழிந்த ஓரம் வழியெல்லாம் அடித்து அடித்து பெயிண்டைச் சுரண்டிவிட்டது. ஃபியூஸ் பெட்டிக்குள் தண்ணீர் போய், கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை. அண்ணன் லாரிக்காரரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. சாப்பிடாமல் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இத்தோட போதும் தங்கச்சி. பிள்ளைய மழையில போட்டுக் கூட்டியாந்த மாதிரி இருக்கு. இனிமே நான் வரல" என்றார்.

பல நாள் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தார். மூடிய டிரெய்லரில் போனால் ஒரு தடவை வருவேன், அதிலும் கார் நனைந்தால் அதுதான் கடைசி என்றார். அண்ணன் இல்லையென்றால் எனக்குப் பந்தயமும் இல்லை. அந்தக் கவலையோடுதான் வண்டியை எடுத்தேன்.

போனது எங்கள் வீட்டுக் காரில். அதுவும் பந்தயக் காரின் மாடல்தான், அதே நீளம், அதே அகலம். பந்தயக் காரின் மூக்கு மட்டும் தரையை இன்னும் ஒட்டியிருக்கும். அதற்காக அண்ணன் ஒரு பலகையும் கயிறும் கொண்டுவந்திருந்தார். டிரெய்லரில் ஏற்றிப் பார்க்கும்போது பம்பருக்குக் கீழே அதே தாழ்வில் கட்டிக்கொள்ளலாம். பலகை எங்கே இடிக்கிறதோ அங்கே பந்தயக் காரின் மூக்கும் இடிக்கும் என்பது கணக்கு.

கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி, திருமங்கலத்தில் டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து ரூபாய். டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் டீக்கடைக்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டு, காரை இழுத்துப் போக ஒரு காரா என்று சிரித்தும் முடித்துவிட்டார்.

"ஓட்டிட்டே போயிரலாம்ல அண்ணே?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"ரோட்டுல ஓட்டுனா போலீஸ் பிடிச்சுருவாக. அது ரேஸுக்கு மட்டும்" என்றார் ஜமால் அண்ணன்.

திருமங்கலத்துக்கு அப்புறம் சாலை ராஜபாளையம் பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஆவணி மாதம், உழுது போட்ட மண் மழைக்குக் காத்துக்கிடந்தது. எட்டு மணிக்கெல்லாம் டி. கல்லுப்பட்டி வந்துவிட்டது. காந்தி ஆசிரமத்துக்குப் போகும் வழியைக் கடந்து, முருகேசன் என்பவரின் கொட்டகையைக் கண்டுபிடித்தோம். கல்யாணப் பந்தல், மேடை அலங்காரம் செய்பவர். அந்தச் சாமான்களைக் கொண்டுபோகச் செய்த டிரெய்லரைத்தான் விற்கிறார்.

பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. முழு வெள்ளை. உள்ளே குழல் விளக்கு, தரையில் நீல விரிப்பு. பதினாறு அடி நீளம், ஆர்.சி. புத்தகம் சுத்தம், விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம். இப்படி ஒன்றை இழுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குள் நுழைந்தால் எப்படியிருக்கும் என்று நான் கற்பனையில் ஒரு சுற்று ஓட்டியே முடித்துவிட்டேன். அண்ணன் அழகையெல்லாம் பார்க்கவில்லை. கதவோர ரப்பரை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"தண்ணி போகுமா?"

"ஒரு சொட்டுப் போகாது பாய்" என்றார் முருகேசன்.

"ஹோஸ் இருக்கா?"

பலகையைக் கட்டிக்கொண்டு காரை உள்ளே ஏற்றினேன். கீழே சாய்த்தால் ராம்ப்பாகும் பின்கதவில் ஏறும்போது லேசாகக் கரகரத்தது, மற்றபடி சரிதான். நான் இறங்குவதற்கு முன்பே அண்ணன் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்.

"உள்ளேயே இரு தங்கச்சி. கதவ அடைச்சுத் தண்ணி அடிக்கிறோம். நல்லாப் பாத்துக்க. ஒழுகலைன்னா ஹாரன் அடி!"

கதவு மூடியது. விளக்குக்கான வயரை யாரும் மாட்டியிருக்கவில்லை, கும்மிருட்டு. கூரைமேல் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன், உண்மையிலேயே ஒரு சொட்டு இல்லை. மூலைகளையும் பார்த்துவிடலாம் என்று கார்க் கதவைத் திறந்தேன். கதவு சுவரில் இடித்து நின்றது. நாலு விரல் போகும் இடைவெளி. இடது பக்கமும் அப்படியே. டிரெய்லரின் சக்கரங்களுக்காக உள்ளே இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி எழுப்பி, சுவரையும் நெருக்கியிருந்தார்கள். பின்னால் ராம்ப் பூட்டிக்கிடக்க, ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை.

ஹாரன் அடித்தேன்.

"ஒழுகலை! பாத்தீகளா!" என்று வெளியே முருகேசன் குதூகலித்தார். "இன்னுங் கொஞ்சம் அடிங்க" என்றார் அண்ணன். நான் விடாமல் ஹாரனை அமுக்கினேன். நான் அடிக்க அடிக்க அவர்கள் சந்தோஷமாகத் தண்ணீரை அடித்தார்கள். ஆவணி வெயிலில் தகரப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டேன். டாஷ்போர்டிலேயே மணி அடித்தது, போனை எங்கள் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ராம்ப் திறந்தபோது பின்சீட்டில் தவழ்ந்து, டிக்கியை உதைத்துத் திறந்து, தலைகீழாக வந்துகொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில் அது ஒரு காட்சி. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். முருகேசன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு மோர் எடுக்க ஓடினார். ஜமால் அண்ணன் கார்க் கதவையும் டிரெய்லர் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளுத்துப்போன முகத்தோடு நின்றார்.

"ரேஸ் கார்ல பின்னாடி வழியே கெடையாது தங்கச்சி. கூண்டு அடைச்சிருக்கு. உள்ள ஏத்துற நேரத்துல ஒரு தீ கீ பிடிச்சா?" என்றார். டிக்கியை மூடிக்கொண்டே, "காரு நனையக் கூடாது, நனையக் கூடாதுன்னே இருந்துட்டேன். ஓட்டுற ஆள மறந்துட்டேனே" என்றார்.

என் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மோர் நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு முருகேசன் செய்ததை நான் மறக்க மாட்டேன். இதையே வாங்குங்கள், பக்கத்தில் ஒரு கதவை வெட்டிக்கொள்ளலாம் என்று அவர் பேசியிருக்கலாம். நானும் அந்த வெள்ளைக்கு மயங்கியிருப்பேன். அவரோ, "இது உங்களுக்கு ஒத்து வராது மேடம். சக்கரப் பெட்டிய ஒன்னும் பண்ண முடியாது. எனக்கு வெல்டிங் அடிச்சவரே அலங்காநல்லூர்ல ஒரு மாட்டுக்காரருக்கும் அடிச்சாரு. அதுல பக்கக் கதவு உண்டு. சும்மாதான் கெடக்கு" என்று சொல்லி, தானே போன் போட்டு நாங்கள் வருவதைச் சொன்னார். தன் வியாபாரத்தை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டுக்கு வழி காட்டிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வந்த வழியே திரும்பினோம். திருமங்கலத்தில் அண்ணன் பள்ளிவாசலுக்குப் போய் மதியத் தொழுகையை முடித்து வந்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி பயணம். கல்லுப்பட்டியிலிருந்து அலங்காநல்லூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேலேயே இருக்கும். கரிசல் போய்க் கரும்பும் வாழையும் வந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கல்லுப்பட்டியின் வறண்ட காட்டைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் அதே மாவட்டம் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மணிக்கு வீரணன் தோட்டத்தில் நின்றோம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர், அதைப் பற்றிப் பேசினால் நிறுத்தத் தெரியாதவர். வேப்ப மரத்தடியில் கட்டியிருந்த சாம்பல் நிறக் காளையின் பெயர் மயிலை. டிரெய்லர் அதற்காகச் செய்ததுதான். இரண்டு பக்கத்திலும் பெரிய நீல எழுத்தில் 'மயிலை' என்று எழுதியிருந்தது.

"வெயிலு படாம, ரோட்டு வெளிச்சம் மூஞ்சில அடிக்காம கூட்டிட்டுப் போகணும்னு ஆசையாச் செஞ்சேன் தாயி. ரெண்டு மாடு நிக்கலாம், அம்புட்டு எடம். மூனு தடவ ஏத்திப் பாத்தேன். பருத்திக்கொட்டையக் காட்டுனேன், கொஞ்சுனேன். இருட்டக் கண்டதும் நின்னுருச்சு. ஒரு எட்டு வைக்கல. இப்பவும் குட்டியானைலதான் காத்து வாங்கிக்கிட்டுப் போகுது" என்றார். அங்கே குட்டியானை என்றால் சின்னச் சரக்கு வண்டி.

காலையில் நானும் ஒரு இருட்டுப் பெட்டிக்குள் இருந்தவள்தான். மயிலையின் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

வலது சுவரில் ஓர் ஆள் தாராளமாகப் போகும் அகலத்தில் கதவு இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"மாட்டப் பிடிச்சுக்கிட்டு உள்ள போற ஆளு வெளிய வரணும்ல? முன்னுக்குச் சுவரு, பின்னுக்குக் கொம்பு. கதவில்லாட்டி அம்புட்டுத்தான்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

பலகையைக் கட்டினோம். மாட்டின் குளம்பு வழுக்கக் கூடாது என்று ராம்ப்பை நீளமாக, தாழ்வாகச் செய்து தென்னை நார் மிதியடி அடித்திருந்தார்கள். பலகை எங்கும் இடிக்கவில்லை. சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே இருந்ததால் உள்ளே ஏழு அடி அகலம். காரின் பாரம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும், பின்னால் போனால் சாலையில் வண்டி வாலாட்டும். அண்ணன் கை காட்டிய இடத்தில் நிறுத்தினேன். என் கார்க் கதவு அந்தப் பக்க வாசலுக்குள்ளேயே திறந்தது. காலை வெளியே வைத்து இறங்கினேன், நேராகச் சாணியில். வீரணன் பதறினார். சுத்தமான காற்றில் நின்றதே எனக்குப் போதும்.

பம்பு செட்டைப் போட்டுத் தண்ணீர் அடித்தும் பார்த்தோம். இந்தத் தடவை ஏற்பாட்டை அண்ணனே மாற்றிவிட்டார். "ஒழுகுனா மட்டும் ஹாரன் அடி. இல்லைன்னா எறங்கி வா." நான் ஒரு தடவை அடித்தேன், காற்றுப்போக்கி ஒன்றின் ஓரத்தில் சொட்டியது. அதை நானே அடைத்துக்கொள்கிறேன் என்றார் அண்ணன். கழுவினாலும் உள்ளே மாட்டு வாசனை போகாது என்று வீரணன் எச்சரித்தார். இரண்டேகால் லட்சத்துக்கு முடிந்தது.

"பேர மட்டும் அழிச்சுராதீக தாயி. பெறகு, போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்க. மயிலை எங்க போனாலும் நல்லபடியா எறங்கிருச்சான்னு கேக்காம நான் சோறு திங்க மாட்டேன். வண்டி போனாலும் அப்படித்தான்" என்றார். புதன்கிழமை தன் ஜீப்பில் மாட்டி, அவரே கே.கே. நகருக்குக் கொண்டுவந்து விட்டார். மாட்டுக்கு விரித்த நார் விரிப்பையும் சும்மா கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தம்பியின் ஜீப்பில் மதுரையை விட்டோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் கோயம்புத்தூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பல்லடத்துக்கு முன்னால், சொல்லிவைத்த மாதிரி, அதே இடத்தில் மழை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அண்ணன் பக்கக் கண்ணாடியில் 'மயிலை' என்ற எழுத்து நனைவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பந்தயத் தடத்தில் மற்றவர்களின் டிரெய்லர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. கல்லுப்பட்டியில் நான் மயங்கிய வெள்ளை அங்கே ஏழெட்டு இருந்தது. மாட்டின் பெயர் எழுதிய டிரெய்லர் ஒன்றே ஒன்றுதான். அதைத் திறந்ததும் வைக்கோல் வாசனை வெளியே வர, பக்கத்து அணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசனை மாதிரி எனக்கு அது தெம்பாக இருந்தது. பக்கக் கதவு வழியாக ஏறி உட்கார்ந்து காரை மெல்ல இறக்கினேன்.

ஜமால் அண்ணன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். கூரை, பானெட், கதவுகள், ஃபியூஸ் பெட்டியின் மூடி என்று ஓரிடம் விடாமல் துடைத்தார். கடைசியில் துண்டை விரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஈரமும் இல்லை, அழுக்கும் இல்லை, ஓரத்தில் ஒரு வைக்கோல் துணுக்கு மட்டும் ஒட்டியிருந்தது.

அப்போதே வீரணனுக்குப் போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"எறங்கிருச்சா தாயி?"

"நல்லபடியா எறங்கிருச்சுண்ணே. நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காரின் மூக்குக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அடுத்த ரேஸ் எப்ப தங்கச்சி?"